அலைக்குளம்

பகல் இரண்டு மணிக்குள் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினம், சறுக்கு, பேய்வீடு எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டான் கதிரேசன். "நாள் பூரா இருக்கறதுக்கு இங்க என்ன இருக்கு?" என்று முணுமுணுத்தபடி உலர்ந்த சட்டைக்கு மாறி, மனைவியைக் கூட்டிப்போக அலைக்குளத்துக்கு வந்தான். காலையிலிருந்து அவள் அங்கேயேதான் கிடந்தாள்.

"செண்பகம், கிளம்பலாம் வா."

"இன்னும் ஒரே ஒரு அலைங்க."

அடுத்த அலையை விடப்போவதாகச் சங்கு ஊதியது. இடுப்பளவுத் தண்ணீரில் கூத்தடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சட்டென்று அடங்கி, எதிரேயிருந்த வெறும் சிமெண்ட் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். செண்பகம், கடலில் இறங்குகிறவளைப் போலத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரும் தெளித்துக்கொண்டார். சுவருக்குள் ஏதோ மூச்சை இழுத்தது. தண்ணீர் எழுந்து, முன்பின் தெரியாத அவ்வளவு பேரையும் ஒன்றாகத் தூக்கியது.

கதிரேசன் செருப்பைக் கழற்றினான்.