தோளோடு தோள்

நிஜப் பட்டாளத்துக்காரர்களையே நடிக்க வைத்தால் படம் எடுபடும் என்று நம்பிய டைரக்டருக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். ஆக்‌ஷன் சொன்னதும் ஐந்து சிப்பாய்களும் ஆளுக்கொரு பக்கமாக விலகிவிடுகிறார்கள்.

"நெருங்கி நில்லுங்கண்ணே. ஃப்ரேமுக்குள்ள பாதிப் பேரக் காணோம்."

"சேர்ந்து நின்னா அத்தன பேருக்கும் ஒரு குண்டு போதும் சார்," என்றார் ஹவில்தார் ஞானதிரவியம்.

"இங்க யாருண்ணே குண்டு போடப்போறா?"

அதுவும் சரிதான். ஞானதிரவியம் மற்றவர்களோடு ஒட்டி நின்றார். பக்கத்து ஆளின் மூச்சு கழுத்தில் படப் பட, கால் தானாக நகரப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒருவழியாக ஷாட் ஓகே ஆனது.

எடுத்ததைப் பார்க்க மொத்த யூனிட்டும் ஓடிவந்து மானிட்டரை மொய்த்தது. லைட்மேன்கள், மேக்கப்காரர், டீ கொண்டுவந்தவர் என்று ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். ஞானதிரவியம் வானத்தைப் பார்த்தார். மறுபடி அவர்களைப் பார்த்தார்.

"தள்ளிப் போங்க! எல்லாரும் தள்ளிப் போங்க!"

சிரிப்பு நின்றது. அவருக்குப் பின்னால், மற்ற நால்வரும் ஏற்கெனவே தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள்.