திருகில் ஆட்டம்

"மாமா, இந்தத் திருகுல ஆட்டமே இல்ல. மாத்தவே வேணாம்."

முள் வைத்த அளவியால் மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் மச்சினன் இதைச் சொன்னான். அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கும், கையால் திருகைச் சுற்றி உலோகம் வெட்டும் குட்டி மில்லிங் மெஷினைக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றித் தர லீவு போட்டு வந்திருந்தான்.

"மோட்டார் மட்டும் மாட்டினா போதும் மாமா. முடியளவு இடைவெளி இருந்தாலும் அதைக் கம்ப்யூட்டரே சரி பண்ணிக்கும்."

"அந்தக் கதையெல்லாம் வேணாம் மாப்ள. பால் ஸ்க்ரூதான் போடணும். உள்ள குண்டு உருளும், துளி ஆடாது."

"இதுவே நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருந்தா இதெல்லாம் ஏன் இப்படி வருது?"

மாமா ஒரு டப்பாவைத் தள்ளினார். பொம்மை ரயில் என்ஜினுக்காக அவர் வெட்டிய அலுமினியத் துண்டுகள். எந்த வெட்டும் குறித்த கோட்டில் நிற்கவில்லை. ஒன்று தாண்டியிருந்தது, இன்னொன்று முன்னாலேயே நின்றிருந்தது.

"மூணு மாசமா தூக்கிப் போட்டுட்டிருக்கேன். திருகு தேஞ்சு போச்சு."

மனுஷனுக்குப் பிடிவாதத்தில் மட்டும் குறைச்சல் இல்லை.

போன் அடிக்கவே மாமா முன்னறைக்குப் போனார். மச்சினனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு துண்டை இறுக்கி, அதே திருகின் கைப்பிடியைச் சுற்றி வெட்டிப் பார்த்தான். சொன்ன பேச்சுக் கேட்ட மாதிரி கோட்டில் வந்து நின்றது.

அப்படியானால் அந்த டப்பா எப்படி நிறைந்தது?

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனான்.

"அக்கா, இது மாமா வெட்டினது, இது நான் வெட்டினது. ஒரே மெஷின், ஒரே திருகு. வேலை வரலைன்னா மெஷின் மேல பழி போடறதா? வெட்டிச் செலவுன்னு நீயாவது சொல்லேன்."

அக்கா குழாயை மூடினாள்.

"பால் ஸ்க்ரூவே போட்டுடு."

"நீயுமா?"

"ஒரு மாசமா அவருக்குக் காபி டம்ளர்ல பாதிதான் ஊத்தித் தரேன். முழுசா ஊத்தினா சட்டையில சிந்துது." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "தன் கைதான் ஆடுதுன்னு அவருக்குத் தெரியல. திருகுன்னு நம்பிட்டிருக்கார். நயமாப் பேசி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன். அதுவரைக்கும் பழி திருகு மேலயே இருக்கட்டும்டா."

வாயைக் கொடுத்திருக்க வேண்டாம் என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தான் வெட்டிய துண்டைப் பையில் ஒளித்துக்கொண்டு பின்னறைக்குத் திரும்பினான். மாமா போன் பேசிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, திரும்ப அளந்து பார்த்தேன். நீங்க சொன்னதுதான் சரி. ஆடத்தான் செய்யுது. பால் ஸ்க்ரூவே போட்டுடலாம்."

 மாமா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, டிரில் பிட் வைக்கும் டிராயரைத் திறந்தார். உள்ளே மாத்திரை அட்டை ஒன்று, பாதி காலியாகக் கிடந்தது.

"திருகு ஆடலைன்னு எனக்குத் தெரியும் மாப்ள. கை நடுக்கத்துக்கு டாக்டரைப் பார்த்து மருந்து ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு," என்றார் மெதுவாக. "உங்க அக்கா கேட்டா மட்டும், திருகுதான் ஆடுதுன்னு சொல்லிடு. அவளுக்கு விஷயம் தெரியாது. பயந்துடுவா."