இருபத்தெட்டு சதவீதம்

“இருபத்தெட்டு! வண்டியை ஓரங்கட்டுங்க!”

வைக்கோலை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அது. வாசலில் ஈரம் பார்க்கும் மீட்டர்க்காரர், கட்டுக்குள் குத்திய கம்பியை உருவிக்கொண்டே கத்தினார். பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அவரிடம் யார் பருப்பும் வேகாது.

டிராக்டரிலிருந்து குதித்தார் விவசாயி. “சார், லேசான ஈரம்தானே! அடுப்புல போட்டா காயாதா?”

“நல்லாக் காயும். பாதி சூடு அந்தத் தண்ணியைக் காய்ச்சவே போயிடும். அப்புறம் எதுல கரண்ட் எடுக்கிறது? வெந்நீர் போடவா ஆலை வச்சிருக்கோம்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டிராக்டரில் உட்கார்ந்திருந்த விவசாயியின் மனைவிக்கு மட்டும் முகம் செத்துப்போயிற்று. முன்பெல்லாம் வயலிலேயே கொளுத்திவிட்ட வைக்கோல். இந்த ஆலை வந்த பிறகுதான் அதற்கும் ஒரு விலை. வருஷா வருஷம் இங்கே கொடுக்கலாம் என்று நம்பி, கட்டு கட்டும் மெஷினுக்கு நேற்றுதான் முன்பணம் கட்டியிருந்தார்கள்.

“பாதி விலைக்காவது எடுத்துக்குங்களேன், பாவம்” என்றார் பின்னால் நின்ற லாரி டிரைவர்.

“பத்துப் பைசா கிடையாது. அதோ களம். பிரிச்சுப் போட்டுக் காயவைங்க. இல்லேன்னா வந்த வழியே கிளம்புங்க.”

“மனுஷனா இவர்? வைக்கோல்ல ஈரத்தை அளக்கிறாரு, மனசுல ஒரு சொட்டு ஈரம் இல்லையே!” எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார் விவசாயி.

“அதானே!” என்றது வரிசை.

மீட்டர்க்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வண்டியைக் குத்தப் போய்விட்டார்.

உச்சி வெயிலில் கணவனும் மனைவியும் உதறினார்கள், புரட்டினார்கள், மறுபடி கட்டினார்கள். விவசாயி திட்டிக்கொண்டே புரட்டினார். மனைவி மீட்டர்க்காரர் பக்கம் திரும்பாமலே உதறினாள். நாலு மணிக்கு மீட்டர் பதின்மூன்று காட்டியது. எடை குறைந்தாலும் கிலோவுக்கு முழு விலை கிடைத்தது.

“இதுக்குப் போய் என்னா ஆட்டம் ஆடினாரு!” என்றபடி மீட்டர்க்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை உரக்கப் படித்தார் விவசாயி. “தாமதத்துக்குக் காரணம், மழையில் நனைந்தது... மழையா? மழை பெஞ்சு ரெண்டு மாசமாச்சே!”

“ஐயோ, மெதுவாப் பேசுங்க!” மனைவி பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். “எடை கூடட்டும்னு காலையில நீங்க பைப்பைப் பிடிச்சு நனைச்சதை அந்த மனுஷன் எழுதியிருந்தா, இனி இந்த ஜென்மத்துல நம்ம வண்டி இந்த கேட்டுக்குள்ள நுழைய முடியுமா?”