தூங்கிய நடுவர்

ஜிங்ரூ பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பேராசிரியர் கோங் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

தைவானின் தைனான் நகரில் அந்தப் பல்கலைக்கழகம் தரும் ஆய்வு உதவித்தொகை வருடத்துக்கு ஒருவருக்குத்தான். கிடைத்தால் ஓராண்டு ஜெர்மனியில் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு அப்பாவோடு சிப்பி உரிக்க வேண்டியதுதான்.

தேர்வுக் குழுவில் மற்ற மூவரும் கோங்கிடம் படித்தவர்கள். வாத்தியாரைத் தட்டி எழுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்?

வெளியே வந்ததும் ஜிங்ரூ, தோழி மெய்ஃபனிடம் பொரிந்து தள்ளினாள்.

"சிப்பி ஓட்டுல சிமென்ட் பண்றதுக்கு ரெண்டு வருஷமா உயிரை விட்டிருக்கேன். அந்தக் கிழத்துக்குக் கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து வெச்சுக்க முடியலையாடி?"

"மெதுவாப் பேசு, காதுல விழப்போகுது."

"விழட்டும்! அவர் தலையாட்டினாத்தான் மத்தவங்க ஆட்டுவாங்க. பெரியவர் சொன்னதை இங்க யாராவது மாத்திச் சொல்லிப் பார்த்திருக்கியா? அவரே தூங்கிட்டா என் கதை முடிஞ்சுது."

உள்ளே பேச்சு சத்தமானது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கோங் கொட்டாவி விட்டபடி வந்தார். இருவரும் விருட்டென்று எழுந்து தலை குனிந்தார்கள்.

"ஏம்மா, உன் மூணாவது படத்துல அளவைத் தப்பாப் போட்டிருக்கே. ஜெர்மனி போறதுக்குள்ள திருத்திடு."

சொல்லிவிட்டு அவர்பாட்டுக்கு நடந்தார். ஜிங்ரூவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழுகை வந்துவிட்டது.

பின்னாலேயே வந்த இளம் பேராசிரியர் வெய் சிரித்தார்.

"வாழ்த்துகள். நாங்க ரெண்டு பேர் வேணும்னோம், ஒருத்தர் வேணாம்னார். உள்ளே ஒரே சண்டை."

"சார், அப்போ அவர் தூங்கலையா?"

"எங்க தூங்கறார்! மூணு வருஷமா இதே நடிப்பு."

வெய்யின் சிரிப்பு மறைந்தது.

"அதுக்கு முன்னால ஒரு தடவை, ஒரு பையன் பேசும்போது சார் முகத்தைச் சுளிச்சார். அவருக்குப் பிடிக்கலைன்னு நினைச்சு நாங்க மூணு பேரும் 'வேண்டாம்'னு எழுதிட்டோம்."

"அவன் அவ்வளவு மோசமாவா பேசினான்?"

"பிரமாதமாப் பேசினான். சாருக்கு அன்னிக்குப் பல்வலி."