இடது கை ஸ்பிரிங்குகள்

பக்கவாதம் வந்து ஐந்து மாதங்கள் கழித்து ஆரோக்கியமேரி மறுபடி வேலைக்கு உட்கார்ந்தாள். அலுவலக மடிக்கணினி அவளை உள்ளே விடவில்லை. தட்டச்சு செய்யும் தாளத்தை வைத்துத்தான் அது ஆளை அடையாளம் காணும். முகத்தையும் குரலையும் அது மதிப்பதில்லை. "நீங்கள் ஆரோக்கியமேரி அல்ல" என்றது.

ரிச்சி தெருவில் கீபோர்டு பழுது பார்க்கும் நிஜாமுதீன், அவளுடைய முப்பது வருஷத்துப் பழைய கீபோர்டைப் பிரித்து, இடது கை விசைகளுக்கு மெல்லிய ஸ்பிரிங்குகளைப் போட்டார். தளர்ந்த விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. அவள் கடைக்கே கொண்டுவந்திருந்த மடிக்கணினி அப்போதும் மறுத்தது.

நிஜாமுதீன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஸ்பேஸ் பார் சிக்குதேன்னு அதையும் நான்தான் மேடம் சரி பண்ணிட்டேன். அந்தச் சிக்கலும் சேர்ந்துதானே நீங்க!"

குப்பைத் தொட்டியில் துழாவி, ஸ்பேஸ் பாரின் தேய்ந்த ஸ்பிரிங்கை எடுத்துத் திரும்ப மாட்டினார்.

"வணக்கம், ஆரோக்கியமேரி" என்றது திரை.

அவள் கண் கலங்கிக் கும்பிடப் போனாள். இடது கை பாதி தூரம்தான் வந்தது. "ரொம்ப நன்றி பாய்."

அவர் ஒரு டப்பாவை நீட்டினார். "இடது பக்கத்துப் பழைய ஸ்பிரிங் எல்லாம் இதுல இருக்கு. கை குணமாயிட்டா இந்த லேசான ஸ்பிரிங்ல வேகம் கூடிடும், கம்ப்யூட்டர் மறுபடி உங்கள நம்பாது. அன்னிக்கு வாங்க, சந்தோஷமா மாத்தித் தரேன்."