ரகசிய ஓட்டு

"அப்போ எலெக்ட்னா ஒருத்தரை மேல தூக்கி உட்கார வைக்கிறது. சரிதானே மிஸ்?" என்று கேட்டார் லாரி டிரைவர்.

"ஆமா. ஆனா செலக்ட் வேற, எலெக்ட் வேற" என்றாள் இங்கிலீஷ் மேடம். "செலக்ட்னா ஒருத்தரே பொறுக்கி எடுத்துடலாம். எலெக்ட்னா எல்லாரும் ஓட்டுப் போட்டுத்தான் எடுக்கணும்." சிவப்பு மார்க்கரால் அந்த வார்த்தையின் கீழே கோடு போட்டாள்.

"எங்க வீட்டுல எலெக்‌ஷனே கிடையாது மிஸ். எல்லாம் மாமியார் செலக்‌ஷன்தான்" என்றாள் தையல்கடைக்காரி. வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்து வைத்தாள்.

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. டுடோரியலில் ஆள் சேர்க்கை படுத்துவிட்டது. நான்கு ஆசிரியர்களில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும். யார் என்று முடிவு செய்ய வகுப்பு முடிந்ததும் ஆபீஸ் ரூமில் கூடச் சொல்லியிருந்தார் முதலாளி.

அவள் உள்ளே போனபோது மற்ற மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு சார் ஒரு டீயை அவள் பக்கம் நகர்த்தினார். சர்க்கரை போடாத டீ.

"நானா ஒருத்தரைச் சொன்னா அந்தப் பாவம் என் தலையில விழும்" என்றார் முதலாளி. "நீங்களே முடிவு பண்ணிக்குங்க. யார் போகணுமோ அவங்க பாடத்தோட பேரை எழுதி மடிச்சு இந்தப் பெட்டியில போடுங்க. ரகசிய ஓட்டு. யார் யாருக்குப் போட்டாங்கன்னு எனக்கே தெரியக் கூடாது."

நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையாகத் திரும்பிக்கொண்டு எழுதினார்கள். பரீட்சை ஹாலில்கூட அவ்வளவு அமைதி இருக்காது.

முதலாளி முதல் சீட்டைப் பிரித்தார். "இங்கிலீஷ்" என்று படித்தவர், ஒரு மாதிரி விழித்தார். எழுத்து பச்சையாக இருந்தது.

யார் சீக்கிரம் மை தீர்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆளுக்கொரு கலரில் மார்க்கர் கொடுத்து வைத்ததே அவர்தான். பச்சை சயின்ஸ் சாருடையது. பழக்க தோஷத்தில் எல்லோருமே சட்டென்று கையில் வந்த மார்க்கராலேயே எழுதியிருந்தார்கள். சயின்ஸ் சார் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்த சீட்டு கறுப்பு. "கணக்கு." ஹிஸ்டரி மேடம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது சிவப்பு. "இங்கிலீஷ்."

"என்ன மேடம் இது? உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டீங்க?"

"வேற யார் பேரை சார் எழுதறது?" என்றாள்.

கடைசிச் சீட்டைப் பிரிக்கும்போது அவளுக்குப் பயம்கூட இல்லை. அவள் எதிர்பார்த்ததெல்லாம் அதில் தன் பாடம் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான். எப்படியும் தோற்ற மாதிரிதான். அந்த ஒரு சீட்டிலாவது இருக்கக் கூடாது.

நீலம். "இங்கிலீஷ்."

கணக்கு சார் தன் நீல மார்க்கரை மூடி, சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் மேஜையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மூணுக்கு ஒண்ணு. மாசக் கடைசி வரைக்கும் வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு முதலாளி சீட்டுகளைக் கிழித்துப் போட்டார்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. டிக்‌ஷனரி, தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு என்று ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தாள். மாசக் கடைசி வரை இருக்கலாம் என்று சொன்னது மறந்தே போயிருந்தது.

ஹிஸ்டரி மேடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா நான் உங்களுக்குப் போடல மேடம்."

"தெரியும். உங்களுது கறுப்பு."

சயின்ஸ் சார் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்கன்னா எப்படியாவது சமாளிச்சுக்குவீங்கன்னுதான்..." என்று இழுத்தார். அவரிடம் அவளுக்குக் கோபம் இல்லை. வெளியாள் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். எதிரே கணக்கு சார் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துகொண்டு நின்றிருந்தார். பார்க்காத மாதிரி அவரைக் கடந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் ஸ்கூட்டர் பக்கத்திலேயே போய் நின்றாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்தபடி, திரும்பாமலே சொன்னார்.

"ஏறு, வீட்டுல ஒருத்தர் இருந்தா நம்ம பாப்பாவுக்கும் நல்லதுதானே?"