மெத்தைக்குள் என்ன இருக்கு?

“ஒருதரம் கேட்டுக்குள்ள வந்துட்டா எதுவும் வெளிய போகாதும்மா. எங்க முதலாளி மெத்தையா இருந்தாலும் அதான் ரூல்,” என்றார் கிடங்கு மேற்பார்வையாளர்.

எதிரே நின்ற அம்மாள் நகரவில்லை. “நேத்துதான் உங்க வண்டியில ஏத்திட்டு வந்தாங்க. நான் வீட்ல இல்லாத நேரம். எனக்கு முதுகு வலிக்குதுன்னு என் பையன் புதுசு வாங்கியிருக்கான். பழசைக் கம்பெனியே எடுத்துக்கும்னு சொன்னாங்களாம்.”

“எடுத்துக்கத்தான் வேணும். முன்னல்லாம் ரோட்டோரமா வீசிட்டுப் போயிடுவாங்க, எரிச்சா ஊரே நாறும். இப்ப செஞ்சவனே திரும்ப வாங்கிப் பிரிக்கணும்னு சட்டம். ஸ்பிரிங் தனி, ஸ்பாஞ்ச் தனி, துணி தனி. எல்லாத்தையும் எடை போட்டுக் காட்டணும். ஒண்ணு குறைஞ்சாலும் வெளிய வித்துட்டேன்னு என் தலையிலதான் விடியும்.”

“அப்ப அந்தப் புதுசை எடுத்துக்குங்க. பழசை எனக்குத் திருப்பிக் குடுங்க.”

புது மெத்தையைக் கொடுத்துப் பழசைக் கேட்கிற ஒருவரை மேற்பார்வையாளர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“உள்ள ஏதாவது வச்சிருந்தீங்களா?”

அம்மாள் சுற்றிலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஆண்களைப் பார்த்தாள். கைப்பையின் வாரைத் திருகினாள்.

“வீட்டுக்காரருக்குத் தெரியாதா?”

அவள் கண் கலங்கியது.

மேற்பார்வையாளருக்கு மனசு இளகிவிட்டது. அவர் வீட்டிலும் சிறுவாட்டுப் பணத்துக்கென்று ஒரு தலையணை உண்டு. அது தமக்குத் தெரியும் என்பதை அவர் இதுவரை மனைவியிடம் காட்டிக்கொண்டதில்லை.

“மெத்தை எப்படி இருக்கும்?”

“நீலப் பூப் போட்டது. கால்மாட்டுல ஒரு ஓரம் கிழிஞ்சு, கறுப்பு நூல்ல தச்சிருப்பேன். ஐயா, வெட்டியிருக்க மாட்டாங்கல்ல?”

“பாக்குறேன். உள்ள ஒரே தூசி, நீங்க இங்கயே உக்காருங்க. நானாச்சு.”

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கொட்டகையில் வெட்டுகிறவருக்குப் பெயர் பிளேடு. மெத்தை கிழிப்பதால் பாதி, ஓயாமல் பேசிக் கழுத்தை அறுப்பதால் பாதி என்று வாங்கிய பெயர். நீலப் பூ மெத்தை அவர் மேசைமேல் ஏறியிருந்தது. நல்லவேளை, இன்னும் கத்தி படவில்லை.

“இதை மட்டும் பதமாப் பிரி. கறுப்பு நூல் தச்ச ஓரத்துல முதல்ல பாரு,” என்றார் மேற்பார்வையாளர்.

“நகையாண்ணே?”

“எதுவா இருந்தா உனக்கென்ன? மெத்தையைத்தான் தர முடியாது, உள்ள இருக்குறதையாவது அந்தம்மா கையில குடுத்துடுவோம். பாவம், அழுதுட்டாங்க.”

பிளேடு அன்று வாயே திறக்கவில்லை. தையல் தையலாகப் பிரித்தார். துணியை உரித்து உதறினார். ஸ்பாஞ்சை அடுக்கடுக்காகக் கிழித்து விரல் விட்டுத் துழாவினார். இருவரும் குனிந்து ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு குண்டூசிகூட இல்லை.

மேற்பார்வையாளர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, ஒரு முகமூடியைக் கொடுத்து அம்மாளை உள்ளே கூட்டிப்போனார்.

“நீங்களே பாருங்கம்மா. ஒரு இடம் விடாம பிரிச்சாச்சு. என்ன வச்சீங்க, எங்க வச்சீங்கன்னு சொல்லுங்க. மறுபடி தேடுறோம்.”

அவள் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை எடுத்து மெல்ல அழுத்தினாள். கையை எடுத்ததும் அது உப்பிக்கொண்டது.

“நான் ஒண்ணும் வைக்கலைங்கய்யா. இத்தனை ஆம்பளைங்க நடுவுல எப்படிச் சொல்றதுன்னுதான் பேசாம இருந்தேன். என் வீட்டுக்காரர் போன மாசம் போயிட்டார். அவர் படுத்துப் படுத்து, அவர் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருந்துச்சு. இப்பல்லாம் அதுல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”